கிணற்றடிச் சிவப்புத் தட்டானும் ஏரிக்கரைச் சிவப்புத் தட்டானும் ஒன்றா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவும். தோட்டத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் தினமும் ஒரு சிவப்புத் தட்டான் வந்து உட்காருகிறது. ஊர் ஏரியில் கோரை நுனியில் உட்காருவதும் சிவப்புதான், ஆனால் பார்க்கக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. போனில் உள்ள ஆப் இரண்டையுமே கிரிம்சன் மார்ஷ் கிளைடர் என்கிறது, நண்பர் ஒருவரோ கிணற்றடியில் இருப்பது ஸ்கார்லெட் ராக் கிளைடர் என்கிறார். யார் சொல்வது சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது, அப்புறம் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் கிடக்கும் தட்டான் குஞ்சுகள் (இறக்கை முளைக்காத, நீரில் வளரும் இளம்பருவம்) எந்தத் தட்டானுடையவை?

நண்பர் சொல்வதுதான் சரி. கிணற்றுச் சுவர்த் தட்டானுக்கு நான்கு இறக்கையிலும் அடியில் மஞ்சள் கறை படிந்த மாதிரி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரி போதும். ஆனால் அது ஏன் போதும், எந்த இடத்தில் அது போதாது என்பதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த சிவப்புத் தட்டானிடம் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏரியில் இருப்பது கிரிம்சன் மார்ஷ் கிளைடர், அறிவியல் பெயர் ட்ரைதெமிஸ் அரோரா. கிணற்றில் இருப்பது ஸ்கார்லெட் ராக் கிளைடர், அதாவது ட்ரைதெமிஸ் கிர்பியை. இனி அரோரா, கிர்பி என்றே கூப்பிடுவோம். இரண்டும் ஒரே பேரினம், ஆப் குழம்புவதில் வியப்பில்லை. ட்ரைதெமிஸ் பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். நம் பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படுபவை நான்கு: இந்த இரண்டு சிவப்பு, ஓடையோரப் பாறைகளில் திரியும் கருநீல ஃபெஸ்டிவா, நீண்ட கால்களோடு புல் நுனியில் நிற்கும் மஞ்சள் பழுப்பு பாலிடிநெர்விஸ். அரோராவுக்கு 1839-இலேயே ஜெர்மானியப் பூச்சியியலாளர் பர்மைஸ்டர் பெயர் வைத்துவிட்டார். கிர்பிக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1891-இல், பெல்ஜியத்தின் செலீஸ் பெயர் வைத்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த வில்லியம் ஃபோர்செல் கிர்பி உலகத் தும்பிகளுக்கெல்லாம் ஒரு பெயர்ப்பட்டியல் போட்டு அதற்கு முந்தின வருடம்தான் வெளியிட்டிருந்தார். அவர் பெயர்தான் இதற்கு.

சரி, முதல் விஷயம். சிவப்பை வைத்து எந்தத் தட்டானையும் அடையாளம் சொல்லாதீர்கள். பலரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் கண்ணை இழுப்பது அதுதான், ஆனால் சிவப்புத் தட்டான்களில் அடையாளத்துக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். வயதுக்கு வயது மாறும், வெயிலுக்கு வெயில் மாறும், போன் கேமரா சிவப்பை எப்போதுமே தன் இஷ்டத்துக்கு ஊதிக் காட்டும்.

இந்தச் சிவப்பு வருவதே ஒரு சுவாரசியமான சங்கதி. குஞ்சுத் தோலைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெளிவந்த ஆண் தட்டான் சிவப்பாக இருக்காது, பெண்ணைப் போலவே மஞ்சளாக இருக்கும். பிறகு நாள் செல்லச் செல்லச் சிவக்கும். அது புதிதாகச் சிவப்புச் சாயம் ஒன்றைச் சுரந்து பூசிக்கொள்வதில்லை, தோலுக்கடியில் ஏற்கெனவே இருக்கும் ஓமோக்ரோம் என்ற நிறமிதான் வேதியியல் ஒடுக்கத்தால் மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திரும்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இதைக் காட்டினார்கள். மஞ்சளாக இருந்த தட்டானுக்கு வைட்டமின் சி கரைசலை ஊசியில் ஏற்றினார்கள், அது சிவந்துவிட்டது. அவர்கள் சோதித்த மூன்று இனங்களில் ஒன்று நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாகத் திரியும் குரோகோதெமிஸ் செர்விலியா, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அரோராவில் இந்தச் சிவப்போடு இன்னொன்றும் சேர்கிறது. முதிர்ந்த ஆணின் உடம்பில், முக்கியமாக மார்பில், மெல்லிய மெழுகுப் பொடி பூக்கிறது. அந்தப் பொடி நீலமும் ஊதாவுமாக ஒளியைச் சிதறடிக்கும். அடியில் சிவப்பு, மேலே ஊதாப் பூச்சு, இரண்டும் சேர்ந்து நமக்குத் தெரிவது ஒரு மாதிரி மஜெந்தா. கிர்பியில் இந்தப் பொடி கிடையாது, சிவப்பு சிவப்பாகவே நிற்கும். ஜவுளிக்கடையில் கேட்டால் சட்டென்று எடுத்துப் போடுவார்கள்: அரோரா ராணி கலர், கிர்பி மிளகாய்ப்பழ கலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் குழம்பமாட்டார்கள். ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை என்பதுதானே சிக்கல்! பொடி இன்னும் பூக்காத இளம் அரோரா வெறும் செங்கல் சிவப்பாகத் திரியும் நாட்களில் நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான்.

அதனால் இறக்கைக்கு வாருங்கள். இறக்கை மார்போடு சேரும் இடம் இருக்கிறதே, அங்கே இரண்டுக்கும் தேன் நிறத்தில் ஒரு திட்டு உண்டு. வித்தியாசம் அந்தத் திட்டு எங்கெங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான். அரோராவுக்குப் பின் இறக்கையில் மட்டுமே சொல்லும்படியான திட்டு இருக்கும், அதுவும் உடம்பை ஒட்டி, அகலமாக ஆனால் குட்டையாக, செம்பழுப்பாக நின்றுவிடும். முன் இறக்கையில் ஏதோ சாயல் மாதிரி கொஞ்சம் இருக்கும், பல படங்களில் அதுவும் தெரியாது. கிர்பிக்கு நான்கு இறக்கையிலும் திட்டு உண்டு. பின் இறக்கையில் அது நல்ல ஆரஞ்சாக, பெரிதாகப் பரவி, இறக்கையின் நடுப்பகுதியை நோக்கி ஓடும். முன் இறக்கையில் அதைவிடச் சிறிது, ஆனாலும் சந்தேகமில்லாமல் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் கிர்பியின் மார்பைச் சுற்றி ஆரஞ்சு வெளிச்சம் ஏற்றி வைத்த மாதிரி இருக்கும், குறிப்பாகக் காலை வெயில் அதற்குப் பின்னாலிருந்து வந்தால். நீங்கள் சொன்ன மஞ்சள் கறை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் திட்டு வெளுத்து, கிட்டத்தட்ட மறைந்துபோகும். கருங்கல்லில் உட்கார்ந்தால் வேறு விதமாக ஏமாற்றும், கல்லின் கருமை அடியிலிருந்து தெரிந்து ஆரஞ்சு அழுக்குப் பழுப்பாகிவிடும். அப்படி இருந்தால் அது எழுந்து வேறு இடத்தில் உட்காரும்வரை பொறுங்கள், எப்படியும் உட்காரும்.

இறக்கை நரம்புகளும் உதவும். முதிர்ந்த அரோரா ஆணுக்கு இறக்கை முழுக்க நரம்புகள் இரத்தச் சிவப்பாக இருக்கும், கண்ணாடித் தாளில் சிவப்பு மையால் வலை போட்ட மாதிரி அத்தனை நரம்பும் தெரியும். நல்ல குளோசப் படம் எடுத்தால் இதைவிட அழகான விஷயம் அந்தத் தட்டானில் இல்லை என்பது என் கட்சி. கிர்பியில் சிவப்பு இறக்கையின் அடிப்பக்கத்தோடும் முன்விளிம்போடும் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கும், நுனிவரை அந்த அளவுக்குப் படராது. இறக்கை நுனிக்குப் பக்கத்தில் முன்விளிம்பில் ஒரு நீள்சதுரப் பொட்டு இருக்குமே, அது அரோராவில் செம்பழுப்பு, கிர்பியில் கருப்பு. இது கேட்க நன்றாக இருக்கும், களத்தில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

வால் என்று நாம் சொல்லும் வயிற்றைப் பாருங்கள். அரோராவுக்கு அடிப்பகுதி கொஞ்சம் உப்பியிருக்கும், மேலே ஊதா சாயல் ஓடும். கிர்பிக்கு நுனிக்கு முந்தின எட்டு, ஒன்பதாம் கணுக்களின் முதுகில் சிறு கருப்பு அடையாளங்கள் இருக்கும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் இது நன்றாகத் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. முகத்தில், அரோரா ஆணுக்கு உச்சி ஊதாவாக மினுமினுக்கும், முகம் செம்பழுப்பு. கிர்பியின் முகம் பளீர் சிவப்பு. அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அரோராவின் வயிறு 21-இலிருந்து 29 மில்லிமீட்டர் வரை போகும், கிர்பி அந்த அளவுக்குள்ளேயே வந்துவிடும், அதனால் பெரிது சிறிது என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

இனி உட்காரும் இடம். என்னைக் கேட்டால் இறக்கைத் திட்டுக்கு அடுத்தபடி நம்பக்கூடியது இதுதான், சில நேரம் இருபது அடி தூரத்திலேயே இதை வைத்துச் சொல்லிவிடலாம். அரோராவுக்குச் செடி வேண்டும். கோரை, சம்பு, அல்லித் தண்டு, காய்ந்த குச்சி, வயல் வரப்பில் நட்ட கழி என்று நுனி உள்ள எதிலும் வந்து உட்காரும். களை மண்டிய குட்டை, கண்மாய் ஓரம், மெதுவாக ஓடும் வாய்க்கால், தாமரைக் குளம், இவையெல்லாம் அதன் இடம். வருடம் முழுக்கப் பார்க்கலாம். கிர்பிக்குக் கல் வேண்டும். வெறும் பாறை, ஆற்றுக்குள் தலைநீட்டும் உருண்டைக் கற்கள், குவாரிக் குழி, கிணற்றுச் சுவர், மொட்டைமாடி, சிமெண்ட் களம். தண்ணீர் இருக்க வேண்டும், பக்கத்தில் வெயில் ஏறிய வெறுந்தளம் இருக்க வேண்டும், செடி இல்லாவிட்டால் அதற்கு ஒரு குறையும் இல்லை. காவிரி, தாமிரபரணி மாதிரி பாறை கிடக்கும் ஆறுகளில் கோடையில் தண்ணீர் வற்றி அங்கங்கே குட்டைகளாகத் தேங்கும்போது அந்தச் சுடுகல்லின் மேல் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், கால் பொசுங்காதா என்று நமக்குத் தோன்றும்.

இது விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் குச்சி இருந்தால் கிர்பியும் குச்சியில் உட்காரும், அரோராவும் எப்போதாவது கல்லில் இறங்கும். ஆனால் அரைமணி நேரம் நின்று பார்த்தால் எது திரும்பத் திரும்ப எங்கே போய் உட்காருகிறது என்பது தெரிந்துவிடும். ஆண்கள் ஒரே இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காவல் காக்கும். விரட்டினாலும் ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே இடத்துக்கே வரும். அதனால்தான் உங்கள் கிணற்றுச் சுவரில் தினமும் ஒரே இடத்தில் பார்க்கிறீர்கள்.

உட்காரும் விதத்தையும் கவனியுங்கள், ஆனால் இது இரண்டையும் பிரிக்க உதவாது, இரண்டும் ட்ரைதெமிஸ்தான் என்று உறுதிப்படுத்தவே உதவும். இறங்கிய உடனே இறக்கை நேராக விரிந்திருக்கும். அடுத்த நொடியில் சட்டென்று ஒரு படி முன்னால் தாழும், ஒரு சின்ன நிறுத்தம், இன்னொரு படி தாழும். சில நேரம் மூன்றாவது படியும் உண்டு, கடைசியில் இறக்கைகள் தலைக்கு முன்னால் கவிழ்ந்த மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும், முன்னங்கால் இரண்டும் கண்ணுக்குப் பின்னால் மடங்கியிருக்கும், மற்ற நான்கு கால்தான் தாங்கும். ஏதாவது சின்னப் பூச்சி மேலே கடந்தால் தலை அதன் பக்கம் திரும்பும், உடம்பு அசையாது, அடுத்த கணம் ஆளைக் காணோம். இப்படி இறக்கையைத் தாழ்த்துவதால்தான் ஆப்பிரிக்காவில் இந்தப் பேரினத்தையே டிராப்விங் என்று கூப்பிடுகிறார்கள். உச்சி வெயிலில் இரண்டும் வாலைச் சூரியனை நோக்கி நட்டுக்கொண்டு தலைகீழாக நிற்கும், அது வித்தை காட்டுவதில்லை, உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைப்பதற்காக. அந்த நேரத்தில் படம் எடுத்தால் வயிற்றுக் கணுக்களும் தெரியாது, இறக்கைத் திட்டும் சரியாகத் தெரியாது, படம் மட்டும் பிரமாதமாக வரும்.

பெண்களுக்கு வருவோம், இங்கேதான் எல்லோரும் திணறுவது. இரண்டு பெண்ணும் சிவப்பு இல்லை, மஞ்சள் பழுப்பு. அரோரா பெண்ணின் மார்பில் பச்சை கலந்த மஞ்சள் மேல் பக்கவாட்டில் கருங்கோடுகள் தெளிவாக ஓடும். வயிற்றிலும் முதுகின் நடுவே ஒன்று, பக்கங்களில் ஒவ்வொன்று என்று கருப்புக் கோடுகள் உண்டு, அவை கணுக்களின் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டம் கட்டின மாதிரி தெரியும். இறக்கையடியில் வெளிறிய தேன் நிறம் கொஞ்சம், அவ்வளவுதான். கிர்பி பெண் பொதுவாக வெளிறியது. கருப்பு வேலைப்பாடு குறைவு, ஆணுக்கு இருப்பது போலவே நான்கு இறக்கையடியிலும் திட்டு உண்டு, ஆனால் ஆரஞ்சாக இல்லாமல் மஞ்சளாக, கொஞ்சம் சிறிதாக இருக்கும். ஆக, பெண்ணிலும் முதலில் பார்க்க வேண்டியது முன் இறக்கையைத்தான். அங்கே மஞ்சள் நன்றாகத் தெரிந்தால் கிர்பி பக்கம் போகலாம். தெரியவில்லை என்றால் உடனே அரோரா என்று எழுதிவிடாதீர்கள், ஃபெஸ்டிவா பெண்ணும் இதே அளவில், இதே மஞ்சள் கருப்பில்தான் இருக்கும். ஆண் பக்கத்தில் இல்லாத ஒற்றைப் பெண்ணின் மங்கலான படம் என்றால் நான் ட்ரைதெமிஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இனப்பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

இளம் ஆணும் இதே வகைச் சிக்கல்தான், மஞ்சளாக இருப்பதால் பெண் என்று நினைத்துவிடுவோம். வயிற்றின் அடியில், இரண்டாம் கணுவுக்குக் கீழே, சிறு புடைப்பு இருந்தால் அது ஆண். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அது தெரியும்.

அப்புறம், எல்லாச் சிவப்பும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏரிக்கரையில் நீங்கள் பார்ப்பதில் பாதி குரோகோதெமிஸ் செர்விலியாவாகவும் இருக்கலாம். அது தலையிலிருந்து வால்வரை ஒரே இரத்தச் சிவப்பு, முதுகின் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும், முக்கியமாகக் காலும் சிவப்பு. அரோராவின் கால் கருப்பு. காலைப் பாருங்கள், வேலை முடிந்தது. ராணி கலர் வயிறு, ஆனால் மார்பு மட்டும் இருண்டு போயிருந்தால் அது ஆர்த்தெட்ரம் புரூயினோசம், அரோராவைவிடப் பெரிது, அரோரா என்று தவறாகப் பதிவாவதில் இதற்குத்தான் பெரிய பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். பின் இறக்கையடியில் அடர்பழுப்புத் திட்டோடு கொஞ்சம் பெரிய உருவமாகக் குச்சி நுனியில் உட்கார்ந்திருந்தால் யூரோதெமிஸ் சிக்னாட்டா. இறக்கையின் பெரும்பகுதி ஆரஞ்சாக, சாக்கடை ஓரத்தில் தாழப் பறந்தால் பிராக்கிதெமிஸ் கண்டமினாட்டா. இறக்கை கிட்டத்தட்ட முழுக்கச் செம்பழுப்பாக இருந்து நுனியில் மட்டும் கண்ணாடியாக இருந்தால் நியூரோதெமிஸ் ஃபுல்வியா. மழைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாகத் திரியும் தட்டான்களைப் பற்றிக் கேட்பீர்கள், அவை இவற்றில் எதுவும் இல்லை, பாண்டாலா என்ற மஞ்சள் நாடோடி. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

இரண்டும் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். அரோரா கிழக்கத்திய ஆள். இந்தியா, இலங்கையில் தொடங்கித் தென்கிழக்காசியா முழுக்க, பிலிப்பைன்ஸ், ஜப்பான் வரை போகிறது. கிர்பி மேற்கத்திய ஆள், ஆப்பிரிக்கா முழுக்க, அரேபியா, மேற்காசியா வழியாக நம் வரைக்கும். இந்த இரண்டு வீச்சும் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடம் இந்தியத் துணைக்கண்டம்தான். கென்யாவில் உட்கார்ந்து தட்டான் பார்ப்பவருக்கு அரோரா என்ற தொல்லையே இல்லை, தாய்லாந்துக்காரருக்குக் கிர்பி என்ற தொல்லை இல்லை. நமக்குத்தான் இரண்டும்.

இரண்டுமே நன்றாக ஊர் பிடிக்கும் வகை. ஜப்பானில் தெற்கு ஓரத்தில் மட்டும் இருந்த அரோரா வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கிர்பி ஐரோப்பாவில் முதலில் 2003-இல் இத்தாலியின் சார்தீனியாவில் கண்ணில் பட்டது, 2007-இல் தென் ஸ்பெயினில் பதிவானது, அதற்குப் பிறகு ஸ்பெயினில் பரவிய வேகம் அங்குள்ள தும்பி ஆர்வலர்களையே திகைக்க வைத்தது. வெப்பம் கூடுவது ஒரு காரணம், சரி. ஆனால் வெப்பம் எல்லாத் தும்பிகளுக்கும்தான் கூடுகிறது, எல்லாமுமா இந்த வேகத்தில் பரவுகின்றன? கிர்பிக்குத் தேவையானதை மனிதர்களே ஊருக்கு ஊர் கட்டி வைத்திருக்கிறோம். செடி இல்லாத பாசனத் தொட்டி, குவாரிக் குட்டை, பூட்டிக் கிடக்கும் நீச்சல் குளம். ஆப்பிரிக்காவில் நீச்சல் குளத்தில் முட்டையிடும் தட்டான் என்றே இதற்குப் பெயர் உண்டு. நம் ஊரில் கிணறு அந்த வேலையைச் செய்கிறது.

இந்தப் பேரினத்தின் மரபணு உறவுகளை வைத்து 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. அதன்படி சுமார் அறுபது முதல் தொண்ணூறு லட்சம் வருடங்களுக்கு முன்பு, ஆப்பிரிக்காவில் காடு சுருங்கிப் புல்வெளி விரிந்த காலத்தில் ட்ரைதெமிஸ் தோன்றியது. அதில் சிவப்பு இனங்கள் பெரும்பாலும் திறந்த வெளியில், வந்து போகும் தண்ணீரில் பிழைப்பவை, நெடுந்தூரம் அலைபவை. இருண்ட நிறத்தவை நிலையான நீரோடையை விட்டு அதிகம் நகராதவை. நம் கருநீல ஃபெஸ்டிவா ஓடையை விட்டு வெகுதூரம் வராததையும் கிர்பி எங்கே தொட்டி கட்டினாலும் வந்து நிற்பதையும் பார்த்தால் இது பொருந்தித்தான் வருகிறது. வற்றிப் போகக்கூடிய தண்ணீரில் பிள்ளை வளர்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் வளர வேண்டும். கிர்பியின் குஞ்சு வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சில வாரங்களிலேயே வளர்ந்து வெளியேறிவிடும், குளிர்நாட்டுத் தும்பிகள் சில இதே வேலைக்கு வருடக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

முட்டையிடுவதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பெண் தண்ணீருக்கு மேலே தாழ நின்று வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழும்பும், ஒவ்வொரு தொடுகைக்கும் முட்டைகள் கழுவிக்கொண்டு தண்ணீரில் போகும். ஆண் அதற்கு மேலேயே பறந்து மற்ற ஆண்களை விரட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கிணற்றில் இதைப் பார்த்தீர்கள் என்றால் அந்தப் பெண்ணுக்கும் கூடவே அடையாளம் கிடைத்துவிட்டது, படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த முறை படம் எடுக்கும்போது மூன்று கோணம் போதும். நேர் மேலிருந்து ஒன்று, நான்கு இறக்கையடியும் வால் நுனியும் தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று, மார்புக் கோடும் காலும் தெரியும்படி. முடிந்தால் முகம். மொபைலில் எடுக்கிறீர்கள் என்றால் வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஒரே கட்டியாக வரும், உள்ளே ஒரு விவரமும் இருக்காது. பக்கத்தில் போவதற்கு அவசரப்படாதீர்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், குனிந்து, நின்று நின்று போங்கள். பறந்துவிட்டாலும் நீங்கள் அங்கேயே அசையாமல் இருங்கள், அதன் இடம் அது, திரும்பி வரும். ஆப்பில் போடும்போது சுவரையோ கோரையையோ வெட்டி எறிந்துவிட்டுத் தட்டானை மட்டும் போடுகிறோம், பிறகு அதைப் பார்த்துச் சரிசெய்ய வரும் ஆளுக்கும் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியாமல் போகிறது. ஒரு படமாவது சுற்றுப்புறத்தோடு இருக்கட்டும்.

தொட்டிக் குஞ்சுகள் விஷயம். வெறும் கண்ணால் பார்த்து அரோராவா கிர்பியா, ஏன், ட்ரைதெமிஸா குரோகோதெமிஸா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. செடி இல்லாத சிமெண்ட் தொட்டி என்பதால் கிர்பிக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் பாண்டாலாவும் அதே மாதிரி தொட்டியில் முட்டையிடும். தெரிந்துகொள்ள ஒரே வழி வெளியே வரும்போது பார்ப்பதுதான். தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தால் முழுக்கக் காலி செய்யாமல் அடித் தண்ணீரோடு குஞ்சுகளை ஒரு அகலமான வாளிக்கு மாற்றி நிழலில் வையுங்கள், பெரியதும் சிறியதும் ஒன்றாகக் கிடந்தால் பெரியது சிறியதைத் தின்றுவிடும், அதனால் பிரித்து வைப்பது நல்லது. கொசுப்புழு கிடைக்கும் தண்ணீர் என்றால் தீனிக்குக் கவலையில்லை. சொரசொரப்பான காய்ந்த குச்சி இரண்டு சாய்த்து வையுங்கள், தண்ணீருக்கு மேலே ஒரு ஜாணாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் அவற்றால் ஏற முடியாது. பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஏறித் தோலைக் கழற்றும். இறக்கை விரிந்து காயும்வரை தொடாதீர்கள், விரல் பட்டால் மடங்கிய இறக்கை மடங்கினபடியே நின்றுவிடும். அப்போது எல்லாமே வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும், முன் இறக்கையடியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், கழற்றிப் போட்ட தோலையும் ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்திருங்கள்.